நாலு ஜோடி

அப்பாவின் கை தானாக எழுந்து அட்டைக் கட்டுக்கு மேலே வந்து நின்றது.

முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். துடைத்த மேசையில் ஈரம் இன்னும் காயவில்லை. அதைச் சுற்றி மூன்று பேர்: அப்பா, மகன், பேத்தி.

மகன் தன் அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தான்.

நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களின் பொழுதைக் கெடுக்கும் செல்போன் விளையாட்டுகளைச் செய்து வயிறு வளர்த்தவன் அவன். இப்போது மறதி நோய்க்காரர்களுக்கு ஓர் ஆட்டம் செய்துகொண்டிருக்கிறான். பிராயச்சித்தம் என்கிறாள் மனைவி.

அட்டைகள் என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தன. நடுங்கும் விரலுக்கு வாகான தடிமன், கண் கூசாத காகிதம். இங்கிருக்கும் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, மகளின் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஊசிக்கு நூல், பூட்டுக்குச் சாவி. போனுக்கு சார்ஜர் என்று ஒரு பிள்ளை வரைந்ததை மட்டும் பெரியவர்கள் ஒருமனதாகத் தள்ளிவிட்டார்கள்.

அட்டைக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் நாலு ஜோடி சேர்ப்பவருக்கு வெற்றி.

அவன் முதலில் செய்ததில் வெற்றி என்ற ஒன்றே கிடையாது. யார் மனமும் நோகக் கூடாதென்று, எவரும் தோற்காதபடி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். ஆடியவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்கள்.

“தோக்கவே முடியலன்னா அது ஆட்டமாப்பா? மருந்து!” என்று மகள்தான் விதியை மாற்றினாள்.

அப்பா அவனை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. அட்டைகளை அவர் இதுவரை தொட்டதில்லை. இன்றும் அவர் முறை வந்தபோதெல்லாம் அவனே எடுத்து ஆடினான். ஒரே ஒரு தடவை அவராக ஒழுங்காக ஆடிவிட்டால் போதும். உள்ளே எங்கேயோ ஆள் இருக்கிறார் என்று நம்பிக்கொள்ளலாம்.

அப்பா எடுத்தார். சாவி.

மகளிடம் ஏற்கெனவே மூன்று ஜோடி. கையில் இருந்த பூட்டை ஊருக்கே தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்திருந்தாள். அடுத்து அவள் முறை.

அப்பா சாவியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சாவியைத் திரும்பவும் கட்டின் மேலேயே கவிழ்த்து வைத்தார்.

இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான் மகன். எடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒற்றை விதிகூடத் தங்கவில்லை.

“அப்பா, அது உங்களுக்கு...” என்று அட்டையை எடுக்கப் போனான்.

அப்பா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பேத்தியின் கிராப்புத் தலையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தார்.

“கண்டுக்காதீங்க சார். தோத்துட்டா பையன் சோறு திங்க மாட்டான்.”

மகன் கையை இழுத்துக்கொண்டான். எதிர்ச் சுவரையே பார்த்தான். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

மகள் சாவியை எடுத்தாள். மேசை அதிரக் குதித்தாள்.

“ஐயையோ, மறுபடியும் ஜெயிச்சிட்டானே!” என்று அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆறு வயதிலேயே அப்பாவை ஆட்டத்தில் தினமும் தோற்கடித்தவன் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்ட மேதை, மூக்கை உறிஞ்சியபடி அட்டைகளைக் கலைக்க ஆரம்பித்தான்.