மயிலு குழாய்

ஜேசிபி வந்து நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்றோடு பதினொரு நாள். கலெக்டர் வரைக்கும் மனு கொடுத்தாயிற்று. சாலையை அகலப்படுத்துகிறார்கள், நடுவில் குடிநீர்த் தொட்டி நிற்க முடியாது என்று எல்லோரும் மரியாதையாகவே எடுத்துச் சொன்னார்கள். அவரும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார்.

எழுபத்திரண்டு வயதுக்காரரைத் தூக்கி ஓரமாக வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கருங்கல் தொட்டி. நான்கு பித்தளைக் குழாய்கள். ஆடு மாடுகளுக்குக் கீழே தனியாக ஒரு தொட்டி. மேலே பதித்த கல்லில் இரண்டே சொற்கள்: வள்ளிமயில் நினைவாக.

அவர் மனைவி. போய் முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

மறுவருடமே இரண்டு வயலை விற்றுக் கட்டினார். பேருந்துக்கு நிற்பவர்களுக்குச் சோடாவை விட்டால் குடிக்க ஒன்றும் கிடைக்காத காலம். குழாய்களை மூன்று தடவை கழற்றிக்கொண்டு போனார்கள், மூன்று தடவையும் புதிதாக மாட்டினார். தம்ளரையாவது சங்கிலி போட்டுக் கட்டுங்கள் என்றார்கள். குடிக்கிறவனைக் கட்டிப்போடுகிற மாதிரி இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அவர் தம்ளர் இல்லாத வீடே இந்த ஊரில் கிடையாது. மழை பொய்த்த இரண்டு கோடையிலும் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

நடத்துநர்கள் அதை ஒரு நிறுத்தமாகவே ஆக்கிவிட்டார்கள்.

"மயிலு குழாயெல்லாம் எறங்கு!"

ஒரு நாளைக்கு நாற்பது தடவை யாராவது அவள் பெயரைச் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது.

டீக்கடையில் கேலியும் உண்டு. பொண்டாட்டி இருந்தப்ப ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்திருப்பானா என்பார்கள். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்கள்.

அவர் பதில் சொன்னதில்லை. கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

வயிற்றில் இருந்த கட்டியை எடுத்த மறுநாள், காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் தண்ணி குடுங்க. ஒரு சொட்டுகூடக் கூடாது என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தார். அவள் பஞ்சை உறிஞ்சப் பார்த்தாள். அதையும் எடுத்துவிட்டார். கூஜாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள்.

கொடுத்திருந்தால் காலையிலேயே செத்திருப்பாள். கொடுக்காததால் ஒரு பகல் கூடுதலாக இருந்தாள். இத்தனை வருடம் அவர் சோறு தின்றதும் தூங்கியதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

ஜேசிபியைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். அறுபது வயதிருக்கும். தண்ணீர் கேட்டாள். அவர் பிடித்துக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"என்னைத் தெரியுதாய்யா? செசிலி. அன்னைக்கு வார்டுல இருந்த நர்ஸு."

முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"இத இடிக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. இப்பவும் சொல்லலைன்னா நிம்மதியா கண்ண மூட மாட்டேன். டாக்டர் அன்னைக்குக் காலையிலயே கைய விரிச்சிட்டாருய்யா. இனிமே எது கேட்டாலும் குடுக்கலாம், வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருன்னாரு. எனக்கு இருபத்திரண்டு வயசு. உங்க மொகத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல. டூட்டி முடிஞ்சிருச்சுன்னு கெளம்பிப் போயிட்டேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. இன்னும் தரை தட்டவில்லை.

கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?"

ஆமென்று செசிலி தலையை ஆட்டினாள்.

"அவங்களாவே புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க வெளிய போயிருந்த நேரத்துல, நான் தண்ணி ஊத்தட்டுமான்னு தம்ளர எடுத்தேன். வேணாம்மா, அவரு குடுப்பாருன்னுட்டாங்க."



அந்தப் பகல் முழுக்க அவள் கேட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் கண்ணால் கேட்டாள். ஒரு தடவைகூட அவள் கூஜாவைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாகப் போகிறவளுக்குப் புருஷன் கையால் ஒரு வாய் தண்ணீர். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அவர் ஊருக்கெல்லாம் ஊற்றியிருக்கிறார்.

ஜேசிபிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"பெரியவரே, நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க."

அவர் எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

"இடிச்சிருங்க."

"பேர் போட்ட கல்ல மட்டும் ஒடையாம எடுத்துத் தரவா?"

"வேணாம்."

திரும்பி வந்தபோது செசிலி அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். கையில் பாதித் தம்ளர் தண்ணீர் தளும்பியது. குடிக்கவும் முடியாமல் கீழே ஊற்றவும் முடியாமல் வைத்திருந்தாள்.

அவர் தம்ளரின் அடியில் தன் கையைக் கொடுத்து அவள் வாயருகே உயர்த்தினார்.

"குடிங்கம்மா," என்றார். "மெதுவா. பொரையேறிரும்."