மெட்டி விரல்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் வீராம்பட்டினம் தேர்க்கூட்டத்தில் பிசகிய கொளஞ்சியின் கால்விரல், ஐந்தாண்டு கழிந்தும் மூட்டில் புடைத்து விறைத்தே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அதை மறைத்துவிட்டாள்.

தாலி ஏறிவிட்டது. இனி மாப்பிள்ளை கலியபெருமாள் அவள் காலை அம்மியில் வைத்து மெட்டி போடவேண்டும். சபையே பார்க்கும்.

“வெரல மடக்கிக்கடி,” என்றாள் அம்மா காதோடு.

“அது மடங்குனா எனக்கு ஏம்மா கவல?”

மெட்டி புடைப்பில் சிக்காமல் ஏறியது.

“பெருசா செய்யச் சொன்னேன்,” என்றான் கலியபெருமாள் மெதுவாக.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தேரன்னிக்கு ஆஸ்பத்திரியில இந்த வெரல அரைகொறையா இழுத்துவிட்ட கம்பவுண்டரு நான்தான். அப்ப வலியில கண்ண மூடிக்கிட்ட. பொண்ணு பாக்க வந்தப்பவும் நிமிரல.”

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொரு காலயாவது பதமாப் புடிங்க,” என்றாள்.