பயப்படும் வேலை

சகாயமேரிக்குப் பயப்படுவதுதான் வேலை. ஸ்டுடியோவில் நெற்றியில் பயத்தை அளக்கும் பட்டை கட்டிக்கொண்டு திரையில் பேய்களைப் பார்ப்பாள். அவளை அதிகம் நடுங்கவைக்கும் பேய்க்குத்தான் படத்தில் இடம்.

அன்று படத்தின் இரண்டு இயக்குநர்களுக்கும் சண்டை. "ரத்தம் குடிக்கிற பேய்தான் சார் பயம்," என்றார் இஷாக்.

"போய்யா, செத்த பொணம் எழுந்து நடக்கணும்," என்றார் பாரி.

இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். மேரிக்குக் கொட்டாவி வந்தது.

பாரிக்கு எரிச்சல். "அவ மனசுலேர்ந்தே எடுங்கய்யா!"

பட்டையோடு இணைத்த இயந்திரம் அவள் மனத்தைத் துழாவி, அவள் அதிகம் பயப்படுவதைத் திரையில் விட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவளுடைய ஆறு வயது மகள் ரெஜினா ஏறி வந்தாள். உடம்பு ஊறி வெளுத்திருந்தது. "ஏம்மா என்னைத் தேடல?" என்றாள்.

"நிறுத்துங்க சார்! எம்பொண்ணு சார் அது!" மேரி அலறினாள்.

"இதான்யா பேய்!" என்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சாயங்காலம்வரை அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

வீட்டில், குளித்துவிட்டு ஈரம் சொட்ட ஓடிவந்த ரெஜினா, "அம்மா!" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மேரி பிடித்துத் தள்ளிய வேகத்தில் பிள்ளையின் தலை சுவரில் மோதியது.

"நான்தாம்மா," என்று அழுதுகொண்டே குழந்தை கையை நீட்டியது.

மேரியால் கிட்டே போக முடியவில்லை.