சாப்பிட்டியா தம்பி?

"ரெண்டும் சாது சார், அடிச்சுக்காது" என்று வளர்ப்புமீன் கடைக்காரர் சொன்னதை நம்பி, கோட்டுமீன் இருந்த கடல்நீர்த் தொட்டியில் பொட்டுமீனையும் விட்டார்கள். அவர் சொன்னது பொய்யில்லை.

தொட்டிக்குள் இருந்த பாறையில் ஊரும் பொடிப்பூச்சிதான் இரண்டுக்கும் சாப்பாடு. பொட்டுமீன் நின்று நிதானமாக ஒன்றைக் கொத்துவதற்குள் கோட்டுமீன் பாறையையே வழித்துவிடும். பிறகு மறக்காமல், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்கும். "ஆச்சுண்ணே" என்று பொட்டுமீனும் சொல்லிவைக்கும்.

ஒரே மாதத்தில் பொட்டுமீன் எலும்பும் தோலுமாகிச் செத்து மிதந்தது.

கோட்டுமீனுக்கு மனசு ஆறவில்லை. "நான் அவனை ஒரு கடி கடிச்சிருப்பேனா?" என்று தொட்டியிலிருந்த நத்தையிடம் புலம்பியது.

"கடிக்கலை," என்றது நத்தை. "ஆனா, சாப்பிட்டியான்னு நீ கேட்கிறப்பெல்லாம் பாறை காலியா இருந்தது."

பாறையில் ஒரு பூச்சி அசைந்தது. பழக்கத்தில் பாய்ந்த கோட்டுமீன் கொத்தாமல் வாயை மூடிக்கொண்டது. அன்றுதான் முதல்முறையாக அது ஒரு பூச்சியை விட்டுவைத்தது. தின்னத்தான் ஆளில்லை.