கவர் மேல் எழுதிய பெயர்

அப்பாவுக்கு நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பந்தியும் பாதி ஓடிவிட்டது. அப்போதுதான் மூத்த மகன் டக்ளஸ் வந்து சேர்ந்தார்.

"எங்கண்ணா போயிருந்தே?" தங்கை ஸ்வீட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பெங்களூரு. ஏரோப்ளேன் ஓட்ட."

வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டில் பைலட் லைசென்ஸ் வாங்கியவர். மறுவருட மெடிக்கலில் நெஞ்சு சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். பிறகு முப்பது வருடம் பங்காருபேட்டையில் ரயிலேறி குடோன் வேலைக்குப் போய்வந்தார். அவருக்கு இப்போது ரெக்கை முளைத்திருக்கிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"அப்பா போய் நாப்பது நாளுதான் ஆவுது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"இப்ப மெடிக்கல் பாஸாயிட்டேன். ஃப்ளையிங் கிளப்ல இன்னிக்குதான் வரச் சொன்னாங்க."

பந்தியிலிருந்து ஏசுபாதம் சித்தப்பா குரல் கொடுத்தார். "அப்பன் எப்ப போவாருன்னு காத்துனு இருந்தியாடா?"

"ஆமா சித்தப்பா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது.

ஸ்வீட்டிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. "வெக்கமா இல்ல? நீ நோயாளின்னு உக்காந்துட்டே. அப்பா விலா ஒடஞ்ச மனுசன், கோல்டு மைன்ஸ் மூடற வரைக்கும் ஷாஃப்ட்ல எறங்கி என்னை நர்ஸுக்குப் படிக்க வெச்சாரு."

டக்ளஸ் உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு பெரிய பழுப்புக் கவரை எடுத்து வந்தார். மேலே 'டக்ளஸ், ஜூன் 1994' என்று எழுதியிருந்தது. உள்ளே எக்ஸ்ரே.

"நீதான் நர்ஸாச்சே. பாரு."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கப் புள்ளிப் புள்ளியாய் சுரங்கத் தூசி. வலது பக்கம் ஒரு விலா ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. சின்ன வயதில் அப்பா சட்டையைத் தூக்கி, கல் விழுந்த இடம் என்று தொட்டுப் பார்க்கச் சொல்வாரே, அதே விலா.

"இது அப்பாவோடது."

"ஒரே நாள்ல எடுத்தோம். ரெண்டு படத்தையும் வாங்கினு வந்தது அவருதான். அவருத என் கவர்ல போட்டுட்டு, என்னுத அவர் பேர்ல மைன்ஸ் ஆபீஸ்ல குடுத்துட்டாரு. இல்லன்னா அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்க."

"உனக்கு எப்ப தெரியும்?"

"மெடிக்கல்ல திருப்பிக் குடுத்த அன்னிக்கே. நான் வேற படம் எடுத்துக் காட்டினா, அப்ப இது யாருதுன்னு கேப்பாங்க. அவர் வேலை போயிடும்."

"மைன்ஸ் மூடினப்புறம் போயிருக்கலாமே?"

"போயிருந்தா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அவரா ஒரு நாள் சொல்லுவாருன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் சொல்லல."

ஸ்வீட்டி உட்கார்ந்துவிட்டாள். "பெத்த புள்ளைக்கு ஏண்ணா இப்டி பண்ணாரு?"

டக்ளஸ் படத்தை வாங்கிக் கவருக்குள் போட்டார்.

"படம் எடுத்த மறுவாரம்தான் உன்னை நர்ஸிங்ல சேத்தாரு."