நகக்கண்ணில் நீலம்

கடல் பாதி முடிந்திருந்தபோது ஹம்சினியைக் காணவில்லை. ஆயாம்மாவையும் காணவில்லை.

எல்.கே.ஜி. மிஸ் துர்காதேவி பசை டப்பாவைக் கீழே வைத்தாள்.

காலையில் பிள்ளைகள் கையாலேயே பெயின்ட் பூசிய தாள்கள் மின்விசிறிக்கடியில் காய்ந்து மொரமொரவென்றிருந்தன. அவற்றைக் கிழித்துக் கிழித்து, சார்ட்டில் கடல் அலைகளாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சுஹைப் மீனைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

இது மூன்றாவது வெள்ளிக்கிழமை. பெயின்ட் வகுப்பு என்றால் ஆயாம்மா செங்கம்மாள் ஹம்சினியை மட்டும் பாத்ரூமுக்கு அழைத்துப் போய்விடுகிறாள். இருபது நிமிடம். திரும்பும்போது குழந்தை வேறொரு சீருடையில் இருக்கும். யார் முகத்தையும் பார்க்காது.

போன வாரம் கேட்டதற்கு, "ஒண்ணுக்குப் போய்டுச்சி மிஸ்" என்றாள்.

நாலு வயதுக் குழந்தை வெள்ளிக்கிழமை மட்டுமா நனைத்துக்கொள்ளும்?

செங்கம்மாள் ஜூனில்தான் வேலைக்கு வந்தவள். நெம்மேலியில் வீடு என்றாள். படூரில் இருக்கும் இந்தப் பள்ளியிலிருந்து யார் போய்ப் பார்த்தார்கள்? இன்று காலை துர்காதேவி ஹம்சினியின் பையைத் திறந்து பார்த்திருந்தாள். மாற்றுத்துணி எதுவும் இல்லை. அப்படியானால் அந்தச் சீருடை எங்கிருந்து வருகிறது? பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அடுத்த அறை ரமாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் சத்தத்துக்கு நடுவே செங்கம்மாளின் அடங்கிய குரல்.

துர்காதேவி கதவைப் படபடவென்று தட்டினாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது.

வாளியில் சீருடை ஊறிக்கொண்டிருந்தது. ஆணியில், கறுப்புப் பையோடு, அதே அளவில் இன்னொன்று தொங்கியது. ஹம்சினி ஜட்டியோடு நின்றாள். செங்கம்மாளின் கையில் தேங்காயெண்ணெயும் பழைய டூத் பிரஷும். குழந்தையின் நகக்கண்களிலிருந்து நீலத்தைத் தேய்த்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பு கண்ணு" என்றாள் செங்கம்மாள். "மிஸ் பாக்கட்டும்."

குழந்தையின் முதுகில் வரிவரியாகத் தடம். சில பழுத்து மஞ்சளாகியிருந்தன. சில இன்னும் சிவப்பாக.

துர்காதேவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"பெயின்ட்டோட வூட்டுக்குப் போனா அவங்கப்பா பெல்ட்ட எடுக்குறாரு மிஸ். உங்களாண்ட சொன்னா நீங்க மொதல்ல அவருக்குத்தான் போன் போடுவீங்கன்னு பயம். அதான் என் சம்பளத்துல ஒரு செட்டு வாங்கிவெச்சேன். ஆனா எவ்ளோ சுத்தமா கழுவி அனுப்புனாலும் அந்தாளுக்கு எப்படியோ தெரிஞ்சிடுது. அதான் இன்னான்னே புரியல."

அப்படிப் போன் போட்டிருப்பேனா என்று துர்காதேவி தன்னையே கேட்டுக்கொண்டாள். போட்டிருப்பாள்.

ஹம்சினி பத்து விரலையும் விரித்து நீட்டினாள். "போயிடுச்சா மிஸ்?"

அப்போது துர்காதேவியின் கைப்பேசி அதிர்ந்தது.

பெற்றோர் குழு. பெயின்ட் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வெள்ளியும் அவள் படம் போடும் குழு. இன்று காலையும் போட்டிருந்தாள். படத்தின் நடுவில் ஹம்சினி, முழங்கைவரை நீலம், காலரிலும் நீலம், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு.

கீழே அம்மாக்கள் அனுப்பிய இதயங்கள். கடைசியாக ஹம்சினியின் அப்பா ஹரிசங்கர்:

'சூப்பர் மிஸ். இன்னைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.'

மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு விடுவார்கள்.

"ஆயாம்மா, போய் கேட்டைப் பூட்டுங்க" என்றாள் துர்காதேவி. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழுத்தினாள்.