அணி மாறிய ஆதிமூலம்

“வக்கீலம்மா, இந்த வருசம் நான் உங்க பக்கம் பேசுறன். தூக்கு கூடாது.”

ஆதிமூலம் இப்படிச் சொன்னதும், கையிலிருந்த டீயைச் சுடச்சுட விழுங்கிவிட்டாள் அருள்மொழி. அணி மாறுகிறவர்களைப் பார்ப்பது புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்றும் புதிதில்லைதான். ஆனால் இவர் ஆதிமூலம் ஆயிற்றே.

நெட்டப்பாக்கத்தில் காணும் பொங்கல் என்றால் சாயங்காலம் பட்டிமன்றம் உண்டு. ஐந்து வருடமாகத் தலைப்பு ஒன்றுதான். மரண தண்டனை தேவையா, இல்லையா? அதற்கு முன்னால் மாமியார், மருமகள் என்றெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், பாதியில் கூட்டம் கலைந்துவிட்டது. நாலு பேரைத் தூக்கில் போட்டால்தான் ஊருக்குப் பண்டிகை களைகட்டுகிறது.

போடுகிறவர் ஆதிமூலம். பத்துக் காணி கரும்பு, ஒரு டிராக்டர், மைக்கே தேவைப்படாத தொண்டை. கோழித் திருடன் முதல் கொலைகாரன் வரை எல்லாருக்கும் அவரிடம் ஒரே தண்டனைதான்.

“தெரிஞ்சி செஞ்சா இன்னா, தெரியாம செஞ்சா இன்னா? போன உயிரு வருமா? மாட்டுடா கயித்துல!” என்பார். விசில் பறக்கும்.

எதிரணியில் அருள்மொழி சட்டம், மனித உரிமை, திருந்த ஒரு வாய்ப்பு என்று புள்ளிவிவரத்தோடு பேசிவிட்டு உட்காருவாள். அவளுடைய அம்மா மட்டும் கை தட்டுவாள். இப்படியே ஐந்து வருடம், ஐந்து தோல்வி. இந்த முறையும் தோற்றால் இனி சொந்த ஊர் மேடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று, மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

“திடீர்னு ஏண்ணே?” என்றாள்.

“போன வருசம் நீங்க பேசுனதுதான் காலையில இருந்து மனசுல ஓடிக்கினே இருக்குது. நீங்க சொன்னதுதான் நாயம்.”

அருள்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை. கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட்டே அவள் பேச்சை இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததில்லை. அதோடு விட்டாரா மனிதர்? சந்தேகம் மேல் சந்தேகமாகக் கேட்டார். குற்றவாளி தானாகவே போய்ச் சரணடைந்தால் தண்டனை குறையுமா, மனதில் எண்ணமில்லாமல் செய்ததற்கும் தூக்குதானா, ஜாமீன் கிடைக்குமா? பட்டிமன்றத்துக்கு இத்தனை அக்கறையாகத் தயாராகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவர் பால் சொசைட்டி ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

நடுவர் தமிழ்க்குமரன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தவித்துப் போனார். இரண்டு பேரும் கருணைப் பக்கம் போய்விட்டால் தூக்கில் போட ஆள் வேண்டாமா? கடைசியில் மைக் செட் சுகுமாரைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

“தூக்குல போடணும். வணக்கம்” என்று சொல்லிவிட்டு அவன் சவுண்டைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

அடுத்து ஆதிமூலம் எழுந்தார். மைக்கே தேவைப்படாதவர், இந்த முறை அதை வாய்க்கருகில் இழுத்துக்கொண்டார்.

“ஒருத்தன் ராத்திரி நல்லவனா படுக்குறான். விடிஞ்சா கொலகாரன். அவன் யாரையும் கொல்லணும்னு நெனைக்கவே இல்ல. அவனையும் கயித்துல மாட்டுவீங்களா? அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது இல்ல?”

அதற்கு மேல் பேச முடியாமல் மேடையிலேயே அழுதார். கூட்டமும் அழுதது. ஐந்து வருடமாக விசிலடித்தவர்கள் துண்டால் மூக்கைச் சிந்தினார்கள். இருபதே நிமிடத்தில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கக் கொள்கையை மாற்றிக்கொண்டது. மரண தண்டனை தேவையில்லை என்று தமிழ்க்குமரன் தீர்ப்புச் சொன்னபோது, நாட்டில் இன்னும் நடக்காத ஒன்று நெட்டப்பாக்கத்தில் நடந்து முடிந்திருந்தது.

அருள்மொழி ஜெயித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து, நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நின்றிருந்த ஆதிமூலத்தின் தோளில் போர்த்தினாள்.

“அண்ணே, பேச்சால ஒரு மனுஷனோட மனச மாத்த முடியும்னு இன்னைக்குத்தான் நம்புறேன். இது போதும் எனக்கு” என்றாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது.

ஆதிமூலம் பொன்னாடையைக்கூடக் கவனிக்கவில்லை. அவளை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“தானா போயி சரண்டர் ஆவணும்னு சொன்னீங்களே, இப்பவே கூட வருவீங்களாம்மா? பன்னி வருதுன்னு கரும்ப சுத்தி கரெண்ட்டு கம்பி கட்டனன், பக்கத்து கொல்லை காத்தவராயன் அதுல செத்து காலையில இருந்து உள்ளயே கெடக்குறான். நான் பேசி முடிச்சதும் மொதல்ல எழுந்து கை தட்டுனது அவன் பொண்டாட்டிதான்.”